மூன்றாம் தலைமுறையா, ஆயிரம் தலைமுறையா?

வாசகர் கேள்வி:

ஐயா, சாத்தான்குளம் பக்கத்தில் ஒரு கிராமம் எங்கள் பூர்வீகம். இப்போது பாளையங்கோட்டையில் இருக்கிறேன். 34 வருஷம் கணக்கு ஆசிரியையாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். எங்கள் குடும்பம் ஆறு தலைமுறையாகக் கிறிஸ்தவக் குடும்பம். முன்னோரில் ஒருவர் உபதேசியார். என் பாட்டி சாகும்போது என் தலையில் கை வைத்து, "உன் சந்ததி கர்த்தரை விட்டுப் போகாது, அவர் எனக்கு வாக்குக் கொடுத்திருக்கார்" என்று சொன்னார்கள். ஆனால் பெங்களூருவில் இருக்கும் என் ஒரே மகன் எட்டு வருஷமாகக் கோயில் பக்கமே போவதில்லை. தினமும் காலையில் வாட்ஸ்அப்பில் வசனம் அனுப்புகிறேன். பார்க்கிறான், பதில் இல்லை. பேரனுக்கு நான்கு வயது ஆகிவிட்டது, இன்னும் ஞானஸ்நானம் கொடுக்கவில்லை. "அவன் வளர்ந்து அவனே முடிவு பண்ணட்டும்" என்கிறான். போன மாதம் வீட்டுக்கு வந்த ஒரு ஊழியக்காரர், என் தாத்தா கோயிலுக்கு நேர்ந்த பத்துப் பனையைக் கொடுக்காமல் விற்றதால் வந்த சாபம் இது, மூன்றாம் நான்காம் தலைமுறை வரைக்கும் விடாது, பேரனையும் சேர்த்து மூன்று நாள் சாப முறிவு ஜெபம் நடத்த வேண்டும் என்று சொல்லி, காணிக்கையாகப் பெரிய தொகை ஒன்றும் சொன்னார். பாட்டிக்குக் கொடுத்த வாக்கைக் கடவுள் மறந்துவிட்டாரா? இல்லை, எங்கள் பாவத்தால் அது ரத்தாகிவிட்டதா?

பதில்:

டீச்சர் அவர்களுக்கு ஸ்தோத்திரம்.

முதலில் பண விஷயத்தை முடித்துவிடுகிறேன். அந்தக் காணிக்கையைக் கொடுக்காதீர்கள். முன்பணம் மாதிரி ஏதாவது கொடுத்திருந்தால் போகட்டும், மீதியைக் கொடுக்காதீர்கள். வீட்டுக்கு யார் வந்து ஜெபம் பண்ணினாலும் நல்லதுதான். ஜெபத்துக்கு விலை சொல்கிறவருக்கு ஒரு காபியைக் கொடுத்து அனுப்பிவிடலாம்.

அவர் போட்ட கணக்கைப் பாருங்கள். தாத்தா ஒன்று, அப்பா இரண்டு, நீங்கள் மூன்று, மகன் நான்கு. கச்சிதமாகப் பொருந்துகிறது. அப்படியானால் உங்கள் பேரன் ஐந்தாம் தலைமுறை. அவருடைய கணக்குப்படியே அவன் தப்பித்தான். பிறகு அவனை எதற்கு மூன்று நாள் ஜெபத்தில் சேர்க்க வேண்டும்? 34 வருஷம் கணக்குச் சொல்லிக்கொடுத்த உங்களுக்கு இது தெரியாமல் இல்லை. பிள்ளை விஷயத்தில் பயம் வந்துவிட்டால் யாருக்குமே கணக்கு மறந்துபோகும்.

அவர் சொன்ன வசனத்தை அவர் பாதியில் நிறுத்திவிட்டார். யாத்திராகமம் 20ஆம் அதிகாரத்தில், "என்னைப் பகைக்கிறவர்களைக்குறித்து" என்ற சொல்லோடுதான் அந்த மூன்றாம் நான்காம் தலைமுறை வருகிறது. அந்த வாக்கியம் அங்கே முடியவும் இல்லை. அடுத்த வசனத்தில், "என்னிடத்தில் அன்புகூர்ந்து, என் கற்பனைகளைக் கைக்கொள்ளுகிறவர்களுக்கோ ஆயிரம் தலைமுறைமட்டும் இரக்கஞ்செய்கிறவராயிருக்கிறேன்" என்று இருக்கிறது. ஆயிரம் தலைமுறை என்பது எவ்வளவு நீளம் தெரியுமா? ஆபிரகாம் காலத்திலிருந்து இன்றைக்கு வரை எண்ணினால்கூட இருநூறு தலைமுறை தேறாது. ஒரு பக்கம் மூன்று நான்கு, இன்னொரு பக்கம் ஆயிரம். இரண்டையும் தராசில் வைத்துக் காட்டுகிற வசனத்தில், சின்னத் தட்டை மட்டும் தூக்கிக் காட்டுவது வேதபாடம் ஆகாது.

இந்தத் தலைமுறைக் கணக்கு இஸ்ரவேல் ஜனங்களுக்கும் பழக்கமானதுதான். பிதாக்கள் திராட்சக்காய்களைத் தின்றார்கள், பிள்ளைகளின் பற்கள் கூசிப்போயின என்று அவர்களுக்குள் ஒரு பழமொழியே இருந்தது. பாபிலோனில் சிறையிருப்பில் உட்கார்ந்துகொண்டு, எல்லாம் அப்பன் தாத்தா செய்த வினை என்று சொல்லிக்கொள்ள அது வசதியாக இருந்திருக்கும். எசேக்கியேல் 18ஆம் அதிகாரம் முழுவதும் அந்தப் பழமொழியை மறுப்பதற்காகவே எழுதப்பட்டது. குமாரன் தகப்பனுடைய அக்கிரமத்தைச் சுமப்பதில்லை என்று அங்கே பட்டவர்த்தனமாக இருக்கிறது. ராஜாக்கள் வரிசையைப் பார்த்தாலும் இதேதான். எசேக்கியா நல்லவர். அவர் மகன் மனாசே 55 வருஷம் ஆண்டு, செய்யாத அக்கிரமம் இல்லை. மனாசேயின் மகன் ஆமோனும் அப்படியே. அந்த ஆமோனுக்குப் பிறந்தவர்தான் எட்டு வயதில் பட்டத்துக்கு வந்த யோசியா. யோசியாவைப் போல முழு இருதயத்தோடு கர்த்தரிடம் திரும்பின ராஜா அவருக்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை என்று வேதம் சொல்கிறது. நல்லவருக்குக் கெட்டவர், கெட்டவருக்குக் கெட்டவர், கெட்டவருக்கு நல்லவர். இதில் எந்தச் சாபச் சூத்திரத்தைப் பொருத்துவீர்கள்?

அந்த ஊழியக்காரர் வேதத்தை இன்னும் கொஞ்சம் ஆழமாகப் படித்தவராக இருந்தால் 2 சாமுவேல் 21ஐ எடுத்து உங்கள் முன் விரித்திருப்பார். அவர் விரிக்கவில்லை, நான் விரிக்கிறேன். பின்னால் வேறு யாராவது அதைக் காட்டி உங்களைப் பயமுறுத்தக் கூடாது பாருங்கள். தாவீதின் காலத்தில் மூன்று வருஷம் பஞ்சம். விசாரித்தால், முந்தின ராஜா சவுல், கிபியோனியர் என்ற வேற்று ஜனத்தாரைக் கொன்றதினால் வந்தது என்று பதில் வருகிறது. கிபியோனியரை உயிரோடே காப்பதாக யோசுவா காலத்திலேயே இஸ்ரவேலர் ஆணையிட்டுக் கொடுத்திருந்தார்கள். சவுல் அதை மீறினார். தாவீது கிபியோனியரைக் கூப்பிட்டு என்ன வேண்டும் என்று கேட்க, அவர்கள் சவுலின் சந்ததியில் ஏழு பேரைக் கேட்டு வாங்கித் தூக்கிலிட்டார்கள். 40 வருஷத்துக்கு மேல் பிரசங்கம் பண்ணியும் இந்த அதிகாரத்தை நான் ஒருநாளும் சுலபமாகக் கடந்ததில்லை. ஆனாலும் இரண்டு விஷயம் கவனியுங்கள். ஏழு பேரைக் கொடு என்று கர்த்தர் கேட்டதாக அதில் எங்கேயும் இல்லை. அதன் பிறகு, செத்துப்போன இரண்டு பேருடைய தாய் ரிஸ்பாள் பாறையின் மேல் இரட்டுத் துணியை விரித்துக்கொண்டு, அறுப்புத் தொடக்கம் முதல் மழை பெய்கிற வரைக்கும், பகலில் பறவைகளையும் ராத்திரியில் மிருகங்களையும் அந்த உடல்களின் மேல் விழவிடாமல் காத்தாள். அதைக் கேட்டுத்தான் தாவீதுக்கே மனது அசைந்து, எலும்புகளைச் சேர்த்து அடக்கம் பண்ணினார். தேசத்துக்காகச் செய்த வேண்டுதலைத் தேவன் கேட்டார் என்ற வரி, அந்த அடக்கத்துக்குப் பிறகுதான் வருகிறது.

அந்த அதிகாரத்தின் நடுவில் ஒரு சின்ன வசனம் உண்டு, அவசரத்தில் படிக்கிறவர்கள் கண்ணில் படாது. சவுலின் பேரன் மேவிபோசேத்தை மட்டும் தாவீது ஒப்புக்கொடுக்கவில்லை. காரணம், தாவீதுக்கும் மேவிபோசேத்தின் அப்பா யோனத்தானுக்கும் நடுவே இருந்த ஆணை. யோசித்துப் பாருங்கள் டீச்சர். தாத்தா ஒரு வாக்கை மீறினவர். அப்பா ஒரு உடன்படிக்கை செய்தவர். பேரன் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறான். உங்கள் கடிதத்தில் இருப்பதும் அச்சு அசல் இதேதான். ஒரு பக்கம் தாத்தாவின் பனை, இன்னொரு பக்கம் பாட்டியின் வாக்கு. அங்கே எது ஜெயித்தது?

மேவிபோசேத்தின் கதையை இன்னொரு தடவை உட்கார்ந்து படியுங்கள், 2 சாமுவேல் 4:4உம் 9ஆம் அதிகாரமும். தகப்பன் யுத்தத்தில் செத்த செய்தி வந்தபோது அவனுக்கு ஐந்து வயது. தாதி தூக்கிக்கொண்டு ஓடின அவசரத்தில் விழுந்து இரண்டு காலும் முடமாகிவிட்டது. லோதேபார் என்ற ஊரில் யாரோ ஒருவர் வீட்டில் வளர்கிறான். ராஜாவின் அரமனைப் பக்கம் அவன் போகவே இல்லை. போனால் உயிர் போகும் என்ற பயமாகக்கூட இருந்திருக்கலாம். தான் பிறந்து வளர்வதற்கு முன்பே தன் பேரில் ஒரு உடன்படிக்கை செய்யப்பட்டிருக்கிறது என்று அவனுக்குத் தெரிந்த மாதிரியே இல்லை. அவன் தேடவில்லை. ராஜாதான், யோனத்தான் நிமித்தம் நான் தயை செய்யத்தக்கவன் இன்னும் யாராவது மீதி இருக்கிறானா என்று கேட்டு, ஆள் அனுப்பி வரவழைக்கிறார். அவன் நடுங்கிப்போய், நான் செத்த நாய்க்குச் சமானம் என்கிறான். கடைசியில் ராஜாவின் பந்தியில் தினமும் உட்கார்ந்து சாப்பிடுகிறான். கால் மட்டும் கடைசி வரை முடமாகவேதான் இருந்தது. அந்த அதிகாரத்தின் கடைசி வரியே அதுதான்.

உங்கள் மகன் பெங்களூருவில் எந்த லோதேபாரில் இருக்கிறான் என்று எனக்குத் தெரியாது.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். வாக்கு ரத்தாகிவிட்டதா? பத்திர ஆபீசில் ஒரு கிரயம் எழுதினால் விற்கிறவரும் கையெழுத்துப் போட வேண்டும், வாங்குகிறவரும் நிற்க வேண்டும். ஒருவர் சொன்னபடி நடக்காவிட்டால் வழக்கு. ஆபிரகாம் காலத்தில் உடன்படிக்கை செய்கிற முறை வேறு. மிருகங்களை இரண்டாகத் துண்டித்து எதிரெதிராக வைத்து, நடுவே நடந்து போவார்கள். நான் சொல் தவறினால் எனக்கும் இந்தக் கதி ஆகட்டும் என்று அதற்கு அர்த்தம். எரேமியா 34இலும் இந்த வழக்கத்தைப் பார்க்கலாம். ஆதியாகமம் 15இல் ஆபிரகாம் கிடாரியையும் வெள்ளாட்டையும் ஆட்டுக்கடாவையும் துண்டித்து வைத்துவிட்டு, பறவைகளைத் துரத்திக்கொண்டு சாயங்காலம் வரை காத்திருக்கிறார். பொழுது சாயும்போது அவருக்கு அயர்ந்த நித்திரை வந்துவிடுகிறது. இருட்டில், புகைகிற சூளையும் அக்கினிஜுவாலையும் தோன்றி, அந்தத் துண்டங்களின் நடுவே கடந்து போகிறது. ஆபிரகாம் நடக்கவே இல்லை. தூங்குகிறவரைக் கொண்டு எந்த நிபந்தனையில் கையெழுத்து வாங்க முடியும்? மீறினால் வரும் தண்டனையையும் சேர்த்துத் தேவனே தம்மேல் ஏற்றுக்கொண்டார். சிலுவையைப் பற்றிப் பேசும்போது சபை இந்த இரவை நினைப்பது அதனால்தான்.

அதனால், உங்கள் தாத்தா பத்துப் பனையைக் கொடுக்காததால் ரத்தாகிற அளவுக்கு அது பலவீனமான பத்திரம் இல்லை. அதே சமயம் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும், உங்களுக்கு இது கொஞ்சம் கசக்கும். உங்கள் மகன் இந்த வருஷமோ அடுத்த வருஷமோ கட்டாயம் கோயிலுக்குத் திரும்புவான் என்று எழுதிக்கொடுத்த பத்திரமும் அது இல்லை. நம் வீட்டு நிலைவாசல்களில் "நீயும் உன் வீட்டாரும் இரட்சிக்கப்படுவீர்கள்" என்ற வசனம் தொங்குகிறது. அதற்கு அடுத்த வசனத்தை யாரும் சட்டம் போட்டு மாட்டுவதில்லை. அப்போஸ்தலர் 16இல், பவுலும் சீலாவும் அந்த வாக்கைக் கேட்ட சிறைச்சாலைக்காரனுக்கும் அவன் வீட்டிலிருந்த அனைவருக்கும் வசனத்தைப் போதித்தார்கள், வீட்டார் அனைவரும் விசுவாசித்தார்கள். அப்பனின் விசுவாசம் கரண்ட் கம்பி மாதிரி தானாகப் பிள்ளைகளுக்குப் பாய்ந்துவிடவில்லை. நீதிமொழிகளில், பிள்ளையை நடக்கவேண்டிய வழியில் நடத்து என்று வருவதும் ஒரு ஞானியின் அனுபவ வாக்கு. கேரண்டி அட்டை இல்லை. ஏலியின் பிள்ளைகள் கெட்டுப்போனதைச் சிறு வயதில் கண்ணால் பார்த்து வளர்ந்த சாமுவேலின் பிள்ளைகளே பரிதானம், அதாவது லஞ்சம், வாங்கினார்கள்.

பாட்டி சொன்னது பொய்யா என்று கேட்பீர்கள். இல்லை. அது பாட்டியின் விசுவாசம், மரியாதையாக வைத்துக்கொள்ள வேண்டியது. ஆனால் அதை எடுத்துக்கொண்டு போய்க் கடவுளிடம் கெடு வைக்க முடியாது. கேட்க முடியும். 89ஆம் சங்கீதம் அதைத்தான் செய்கிறது. தாவீதின் பிள்ளைகள் வழி தப்பினாலும் என் கிருபையை விலக்கமாட்டேன் என்று தேவன் சொன்னதை முதலில் பாடிவிட்டு, பிறகு, தாவீதுக்குச் சத்தியம்பண்ணின உமது பூர்வகிருபைகள் எங்கே என்று நேருக்கு நேராகக் கேட்கிறது. அந்தக் கேள்விக்கு அந்தச் சங்கீதத்துக்குள் பதிலே இல்லை. பதில் இல்லாத சங்கீதத்தையும் வேதத்துக்குள் வைத்திருக்கிறார்களே, அது எனக்குப் பெரிய ஆறுதல். நீங்களும் அப்படிக் கேட்கலாம், அழுது கேட்கலாம்.

இன்னொன்று. ஆறு தலைமுறை என்று எழுதியிருந்தீர்கள். நம் திருநெல்வேலிச் சீமையில் இது ஒரு பெருமைப் பட்டமாகவே ஆகிவிட்டது, பெண் பார்க்கப் போகும்போதுகூட இதைச் சொல்கிறார்கள். உங்களைச் சொல்லவில்லை, பொதுவாகச் சொல்கிறேன். நம்முடைய முதல் தலைமுறை யார்? நீங்கள் இருக்கிற பாளையங்கோட்டையிலேயே பாப்பாத்தி அம்மாள் கோயில் இருக்கிறது. 1785இல் அதைக் கட்டின கிளாரிந்தா அம்மாள் ஒரு பிராமண விதவை, ஆங்கில ராணுவ அதிகாரி ஒருவரோடு வாழ்ந்தவர். அந்த உறவைக் காரணம் காட்டி, மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர் முதலில் ஞானஸ்நானம் கொடுக்க மறுத்தார். அந்த அதிகாரி இறந்த பிறகு, 1778இல்தான் கொடுத்தார். 1780இல் இங்கே எழுதிவைத்த சபைப் பதிவில் 40 பேர். அவர்களில் யாருக்கும் ஞானஸ்நானம் பெற்ற பாட்டி கிடையாது. 1799இல் முதலூரில் ஒண்டக் குடியேறினவர்களுக்கும் ஜெபிக்கிற தாத்தா கிடையாது. முன்னோருடைய புண்ணியத்தைப் பார்த்துத்தான் கடவுள் வருவார் என்றால், நம் சீமைக்கு அவர் வந்திருக்கவே முடியாது. பெந்தெகொஸ்தே நாளில் பேதுரு சொன்னதும் இதைத்தான்: வாக்குத்தத்தம் உங்களுக்கு, உங்கள் பிள்ளைகளுக்கு, அப்புறம் தூரத்திலுள்ள யாவருக்கும். உங்கள் மகன் இப்போது இரண்டாவது வகையில் இல்லை என்று உங்களுக்குத் தோன்றினால் மூன்றாவதில் வைத்துக்கொள்ளுங்கள். பட்டியலுக்கு வெளியே அவன் போய்விடவில்லை.

சரி, பத்துப் பனை. இதில் உங்கள் மனது உறுத்துவது நியாயம்தான். தாத்தா நேர்ந்தது உண்மை என்று குடும்பத்தில் எல்லாருக்கும் தெரிந்திருந்தால், அது கடன். சாபம் என்று பயப்படாமல், கடன் என்று நினைத்துத் தீருங்கள். ஊருக்குப் போய்ச் சேகர குருவையும் (அந்த வட்டாரக் கோயில்களைக் கவனிக்கிற போதகர்) கமிட்டிக்காரர்களையும் பார்த்து, இன்றைய விலைக்குப் பத்துப் பனையின் மதிப்பைக் கொடுத்து ரசீது வாங்குங்கள். ரசீது முக்கியம். கையில் பணம் இல்லையா, ஆவணி புரட்டாசியில் பனம்பழம் விழும்போது பத்துக் கொட்டையைக் கோயில் நிலத்தில் ஊன்றிவிடுங்கள். தென்னை வைத்தவன் தின்னுட்டுச் சாவான், பனை வைத்தவன் பார்த்துட்டுச் சாவான் என்று நம் பக்கத்தில் சொல்வார்கள். நீங்கள் ஊன்றுகிற பனையில் நீங்கள் பதனீர் குடிக்கப்போவதில்லை. அதுவும் சரிதான். இடையன்குடியில் 1847இல் தொடங்கின கோயில் வேலை 1880இல்தான் முடிந்தது. 33 வருஷம்! அஸ்திபாரத்துக்குக் கல் சுமந்த எத்தனை பேர் உள்ளே உட்கார்ந்து ஆராதித்திருப்பார்கள்? எபிரெயர் 11இல் வருகிறவர்களும் வாக்குத்தத்தம்பண்ணப்பட்டவைகளை அடையவில்லை, தூரத்திலே கண்டு அணைத்துக்கொண்டு போய்ச் சேர்ந்தார்கள். ஆபிரகாமுக்குக் கானான் முழுவதும் வாக்களிக்கப்பட்டது. அவர் செத்தபோது அவர் பேரில் இருந்தது, மனைவியை அடக்கம் பண்ண 400 சேக்கல் வெள்ளி கொடுத்து வாங்கின ஒரு குகையும் அதைச் சுற்றி ஒரு நிலமும் மட்டும்.

நான் ஊழியம் செய்த ஒரு சேகரத்தில் வயதான ஓர் அம்மாள் இருந்தார். தினமும் உலை வைக்கும்போது கோயிலுக்கென்று ஒரு கைப்பிடி அரிசி எடுத்து வைப்பது அங்கே பெண்களுக்கு வழக்கம். இந்த அம்மாள் நாலு பிடி எடுப்பார். ஏன் என்று கேட்டேன். ஒன்று தனக்கு, மூன்று பிடி வெளியூரில் கோயிலுக்குப் போகாத மூன்று பேரப்பிள்ளைகளுக்கு என்றார். "அவங்களுக்கு உள்ளதை நான் போடுதேன், அவங்க வந்த பெறகு அவங்களே போடட்டும்" என்றார். நான் அங்கிருந்து மாறுதலாகி வருகிற வரைக்கும் அந்த மூன்று பேரில் ஒருவரும் வரவில்லை. அந்த அம்மாளும் அரிசியை நிறுத்தவில்லை.

கடைசியாக மகனும் பேரனும். பேரன் லீவுக்கு வரும்போது, மகனுக்குத் தெரியாமல் ஊர்க் கோயிலில் ஞானஸ்நானம் கொடுத்துவிடலாமா என்று நீங்கள் எழுதவில்லை. ஆனால் இந்த நிலைமையில் இருக்கிற பாட்டிமார் பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள், உங்களுக்கும் தோன்றாமல் இருந்திருக்காது. வேண்டாம். குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கும்போது பெற்றோர் வாக்குக் கொடுக்க வேண்டும். அந்த இடத்தில் பாட்டி ரகசியமாக நின்று பதில் சொன்னால், வாக்கை மீறின தாத்தாவின் கதையில் இன்னொரு அத்தியாயம் சேரும், அவ்வளவுதான். மகன் கேட்கிற நியாயத்துக்குக் கோபப்படாதீர்கள். பிள்ளை தானே முடிவு பண்ண வேண்டுமானால், முடிவு பண்ணுவதற்கு எதையாவது அவன் தெரிந்துவைத்திருக்க வேண்டுமே. அதை நீங்கள் சொல்லலாம். கதையாகச் சொல்லுங்கள். உபதேசியார் கதை, பாட்டி கதை, பனை விற்ற கதை, அதை மறைக்க வேண்டாம். நான்கு வயதுப் பிள்ளைக்கு மேவிபோசேத் கதை பிடிக்கும், கால் முடமான பையன் ராஜா வீட்டில் சாப்பிடுகிற கதை. ராத்திரி தூங்கும்போது தலையில் கை வைத்து ஜெபியுங்கள், மகன் பார்க்கும்படியாகவே.

மகனிடம் ஒரே ஒரு தடவை, எட்டு வருஷத்துக்கு முன்னால் என்ன நடந்தது என்று கேளுங்கள். உங்கள் கடிதத்தில் எட்டு வருஷம் என்ற எண் இருக்கிறது, காரணம் இல்லை. சபையில் யாராவது அவன் மனதை நோகடித்திருக்கலாம், கல்யாண சமயத்தில் ஏதாவது நடந்திருக்கலாம், சும்மா சோம்பலாகவும் இருக்கலாம். அவன் சொல்லும்போது குறுக்கே வசனம் சொல்லாமல் கேளுங்கள். டீச்சருக்கு இது கஷ்டம், எனக்குத் தெரியும்.

காலையில் அனுப்புகிற வாட்ஸ்அப் வசனத்தையும் நாளையிலிருந்து நிறுத்திவிடுங்கள். அந்த நேரத்தில் அவன் பேரைச் சொல்லி ஜெபம் பண்ணுங்கள். ஒரு மாதம் கழித்து "ஏம்மா அனுப்பலை?" என்று அவன் கேட்டால் எனக்கு எழுதுங்கள். கேட்காவிட்டாலும் எழுதுங்கள்.